மகனுக்குப் பின்னால் ஓர் இருக்கை

சிகாகோ பேஸ்பால் மைதானத்தின் இடது பக்கத் திறந்தவெளி பெஞ்சுகளில் சின்சினாட்டி அணியின் சிவப்புச் சட்டையோடு போய் உட்காருகிறவனுக்கு அசாத்தியத் துணிச்சல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புத்தி பிசகியிருக்க வேண்டும். டுவேன் ஹார்ட்லாஃபுக்கு இரண்டும் கிடையாது. அவரிடம் இருந்தது ஒரு கணக்கு. இடது களத்தில் நிற்கிற ஆட்டக்காரன், மட்டை பிடிக்கிறவனைப் பார்த்தபடிதான் நிற்பான். அவனுக்குப் பின்னால் கொடி படர்ந்த செங்கல் சுவர், சுவருக்கு மேலே பெஞ்சுகள். அங்கே உட்கார்ந்தால் ஆட்டம் முழுக்க அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பந்து தலைக்கு மேல் பறந்தால் அவன் திரும்புவான்தான். ஆனால் அப்போது பந்தைப் பார்ப்பானா, பெஞ்சில் இருக்கும் ஆளைப் பார்ப்பானா?

அந்த முதுகு அவருடைய மகன் வெஸ்லியுடையது. வெளியூர் ஆட்டங்களுக்கு அணி போடுகிற சாம்பல் நிறச் சட்டை, அதில் சிவப்பு எழுத்தில் ஹார்ட்லாஃப் என்ற பெயர். அந்தப் பெயரை அவ்வளவு பெரிதாக எழுதி அவர் பார்த்தது அதற்கு முன் ஒரே ஒரு இடத்தில்தான். அது மனைவியின் கல்லறை.

மகன் பார்க்கக் கூடாது என்றால் நீலச் சட்டை போட்டுக்கொண்டு சிகாகோக்காரனாக வந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் டுவேன், எதிரணியின் நிறம் மேலே பட்டால் தோல் அரிக்கும் என்று நம்புகிற ரகம். ஒஹாயோவில் ப்ரெபிள் மாவட்டத்துச் சாலைகளில் பனி அள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கத்து மனிதர்கள் பொய் சொல்வார்கள், வரி ஏய்ப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் மீன் பிடிக்கப் போவார்கள். சட்டை நிறத்தை மட்டும் மாற்றமாட்டார்கள். அதனால் வெறும் சிவப்புச் சட்டை, பெயர் இல்லாதது, கண்ணை மறைக்கிற மாதிரி தொப்பி. இதுதான் அவருடைய மாறுவேஷம்.

வெஸ்லிக்கு முப்பது வயது. பன்னிரண்டு வருஷம் கீழ் அணிகளில் பஸ்ஸிலேயே வாழ்ந்து தேய்ந்தவனை, வழக்கமான ஆட்டக்காரன் கணுக்காலைத் திருகிக்கொண்டான் என்பதற்காக மேலே கூப்பிட்டிருந்தார்கள். அந்தக் கணுக்கால் திங்கட்கிழமை திரும்பி வருகிறது. அன்று ஞாயிறு. வெஸ்லி வந்ததிலிருந்து சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் அடிக்கவில்லை. இன்று ஏதாவது செய்தால் உண்டு. இல்லையென்றால் மறுபடியும் லூயிவில் கீழ் அணி, மறுபடியும் பஸ். அந்த வயதில் கீழே அனுப்பப்பட்டவனை இரண்டாம் தடவை மேலே கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. இது டுவேனுக்குத் தெரியும். மகனுக்கும் தெரியும். இப்படி ஒரு நாளில், வரவே கூடாது என்று அவன் சொல்லியிருந்த ஆள் கண்ணில் பட்டுவிட்டால் என்ன ஆகும்?

வராதே என்று அவன் சொன்னது ரோனாவைப் புதைத்த அன்று. அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய். அந்தக் கோடையில் வெஸ்லி சட்டநூகாவில் ஒரு கீழ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தான். அவன் மட்டை அப்போது பேசிக்கொண்டிருந்தது. மேல் அணிக்குக் கூப்பிடப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. "அவன் காதுக்கு இது போச்சுன்னா உன்ன நான் மன்னிக்கவே மாட்டேன், டுவேன். அவன் மேல போகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்று ரோனா கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். அவர் சொல்லவில்லை. மேலே போகிற அழைப்பு வரவில்லை, சாவு வந்துவிட்டது. வெஸ்லி வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது அவளைக் கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

"சொல்ல வேணாம்னு யாரு முடிவு பண்ணது?" என்று கல்லறைத் தோட்டத்தில் வைத்து அவன் கேட்டான்.

உன் அம்மாதான் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். டுவேன் புது மண்ணைப் பார்த்தார். அவள் மேல் கோபம் வந்தால் இவன் எங்கே போய்ச் சண்டை போடுவான்? நான் உயிரோடு இருக்கிறேன், என்னோடு போடட்டும் என்று நினைத்தார். "நான்தான்" என்றார். அது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. மகன் மேல் அணிக்குப் போக வேண்டும் என்ற வெறி அவருக்கும் இருந்தது. ரோனா வாங்கிய சத்தியம் அவருக்கு வசதியாகவும் இருந்தது. அந்த வசதியை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வரும்.

"அப்ப ஆட்டம்தான் உங்களுக்குப் பெருசு. சரி. இனிமே என் ஆட்டத்துக்கு வராதீங்க. ஒரு ஆட்டத்துக்கும் வராதீங்க."

அதன் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. டுவேன் மகனுடைய அணியின் சொந்த மைதானத்தின் பக்கமே போகவில்லை. போனால் தெரிந்தவன் எவனாவது தோளில் தட்டி, பையன்கிட்ட கூட்டிப் போறேன் வா என்பான். அதனால் அந்த அணி வெளியூர் போகிறபோது மட்டும் காரை எடுப்பார். டொலீடோ, கொலம்பஸ், இண்டியானாபொலிஸ் என்று எதிரிகளின் மைதானங்களிலேயே மகனின் முதுகைப் பார்த்துப் பார்த்து வருஷங்கள் போய்விட்டன. இப்போது சிகாகோ.

"யோவ் பெருசு! வழி தப்பி வந்துட்டியா?"

பக்கத்து இடத்தில் வந்து பொத்தென்று உட்கார்ந்தவன் ஃப்ராங்க் மஸூர். குழாய் ரிப்பேர் தொழில், பீப்பாய் உடம்பு. அந்தப் பகுதிக்கு அவன்தான் தொண்டை. அவன் ஆரம்பித்தால்தான் மற்றவர்கள் கத்துவார்கள்.

"டிக்கெட் இங்கதான் கிடைச்சுது" என்றார் டுவேன்.

"கிடைச்சா கிடைச்சுட்டுப் போகுது. இந்தா, வேர்க்கடலை தின்னு. இங்க ஒரே ஒரு சட்டம்தான், கேட்டுக்க. உங்க ஆளு எவனாவது சுவரத் தாண்டி ஹோம் ரன் அடிச்சு பந்து இங்க வந்து விழுந்துச்சுன்னா, அந்தப் பந்த எவனும் வச்சுக்கக் கூடாது. தீட்டு! திருப்பி மைதானத்துக்குள்ள எறிஞ்சிடணும். எறியலேன்னா பீர்ல குளிப்பாட்டி அனுப்பி வைப்போம்."

"சரி."

"என்னய்யா, 'சரி'ங்கற? சண்டை போட மாட்டியா? உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தானா?"

டுவேன் கடலையை உடைத்தார்.

முதல் இன்னிங்ஸின் பின்பாதியில் வெஸ்லி இடது களத்துக்கு ஓடி வந்தான். மஸூர் எழுந்து நின்று பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். இடது களத்து எதிராளியை ஒன்பது இன்னிங்ஸும் வாயால் வறுத்தெடுப்பது அந்தப் பெஞ்சுகளின் பிழைப்பு. சும்மா கத்தினால் மரியாதை இல்லை. ஃபோனில் தேடி அவன் பூர்வீகத்தையே தோண்டி எடுத்து வந்து கத்த வேண்டும்.

"வெஸ்லீ! ஏ வெஸ்லீ! லூயிவில்ல ரூம காலி பண்ணிட்டியாடா? பண்ணிடாத! நாளைக்கு வேணும்!"

பெஞ்சுகள் சிரித்தன.

"குளிர்காலத்துல டயர் கிடங்குல வேலை பாத்தியாமே! என் வண்டியில பின் டயர் பஞ்சர்டா, ஆட்டம் முடிஞ்சதும் ஒரு கை பாத்துட்டுப் போ!"

இதற்கு டுவேனுக்கே சிரிப்பு முட்டியது. வெஸ்லி முதுகு அசையவில்லை. முழங்காலில் கை ஊன்றி, எச்சில் துப்பி, அடுத்த பந்துக்குக் காத்து நின்றான். பயல் பழகியவன். இந்த மாதிரிக் கத்தல்களிலேயே வளர்ந்தவன். டுவேனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது. மூன்று இன்னிங்ஸ் இப்படியே போயிற்று.

நான்காவதில் மஸூர் ஃபோனை மூக்கருகில் வைத்துக்கொண்டு எதையோ படித்தான். படித்துவிட்டுத் தொடையில் தட்டினான்.

"டேய், இதக் கேளுங்கடா! மேல வந்த அன்னிக்கு இவன பேட்டி எடுத்திருக்காங்க. 'முதல் ஆட்டம் பாக்கக் குடும்பத்துல யாரு வந்திருக்காங்க?'ன்னு கேட்டா, 'யாரும் இல்ல'ங்கறான் பாவி! பெத்த அப்பன்கூட வரலையாம்!"

டுவேன் கையிலிருந்த கடலை கீழே விழுந்தது.

"வெஸ்லீ! உங்கப்பா எங்கடா?"

முதல் தடவையாக அந்த முதுகு அசைந்தது. கழுத்து விறைப்பதை, தோள் கொஞ்சம் மேலே ஏறுவதை டுவேன் பார்த்தார். மஸூரும் பார்த்துவிட்டான். வலிக்கிற இடம் கிடைத்தால் விடுகிற ஆளா அவன்? கையைத் தட்டி ஆரம்பித்தான். "அப்பா எங்கே? அப்பா எங்கே?" வரிசை வரிசையாக எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். நூற்றுக்கணக்கான பேர் தாளத்தோடு கை தட்டி, ஒரு மனிதனிடம் அவன் அப்பா எங்கே என்று கேட்டார்கள். அந்த அப்பா நடுவில், மடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து பந்து வந்தது. ஒன்றும் பிரமாதமான பந்து இல்லை, உயரமாக எழும்பிய சாதாரணப் பந்து. அவன் ஏழு வயதில் பிடித்திருப்பான். வெஸ்லி அதற்குக் கீழே வந்து நின்றான். கையுறையை உயர்த்தினான். "அப்பா எங்கே?" என்று பெஞ்சுகள் இடித்தன. பந்து கையுறை விளிம்பில் பட்டுப் புல்லில் உருண்டது. சிகாகோவுக்கு இரண்டு ரன். சிகாகோ மூன்று, சின்சினாட்டி ஒன்று என்று ஆகிவிட்டது.

மஸூர் பீரை உயர்த்திக்கொண்டு ஆடினான். டுவேன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அத விட்டுடு."

"எத?"

"அந்த அப்பன் பேச்ச. வேற என்ன வேணா சொல்லு. டயரச் சொல்லு, லூயிவில்லச் சொல்லு. அத மட்டும் விட்டுடு."

மஸூர் அவரை மேலும் கீழும் பார்த்தான். "ஏன்யா? உனக்கு அவன் யாரு?"

சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் இந்தத் தடியன் சும்மா இருப்பானா? "வெஸ்லீ, உங்கப்பன் இங்கதான் இருக்கான்டா!" என்று ஊரைக் கூட்டுவான். வெஸ்லி திரும்பிப் பார்ப்பான். அதோடு எல்லாம் போயிற்று. அவனுடைய கடைசி வாய்ப்பும் போயிற்று, தனக்குத் திருட்டுத்தனமாகக் கிடைத்துக்கொண்டிருந்த முதுகும் போயிற்று.

"யாரும் இல்ல" என்றார் டுவேன்.

சொன்ன பிறகு வாயெல்லாம் கசந்தது. அப்படிச் சொன்னதற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆறாவது இன்னிங்ஸ் முடிகிற வரை அந்தக் கூச்சல் ஓயவில்லை. மகனின் காது நுனி சிவந்திருந்ததை அவரால் அத்தனை தூரத்திலிருந்தும் பார்க்க முடிந்தது. பார்த்ததாக நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

ஏழாவதில் சின்சினாட்டியின் முறை. இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் ஓடுவதற்குத் தயாராக நிற்கிறார்கள். மட்டையோடு வந்தவன் வெஸ்லி. இப்போதுதான் டுவேனால் அவன் முகத்தைப் பார்க்க முடிந்தது. அதுவும் எதிரே தொலைவில், கட்டைவிரல் உயரத்தில். ஏரிக்காற்று திசை மாறி, மைதானத்திலிருந்து வெளியே வீசிக்கொண்டிருந்தது. அவர் காற்றைக் கவனித்தார், கவனித்ததும் அது ராசியைக் கெடுத்துவிடுமோ என்று பயந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

முதல் பந்தைத் தவற விட்டான். இரண்டாவதையும் விட்டான். இன்னொன்று விட்டால் கதை முடிந்தது. மஸூர்கூடக் கத்தாமல் இருந்தான். மூன்றாவது பந்தில் அந்தச் சத்தம் கேட்டது. சரியாகப் பட்ட பந்தின் சத்தத்துக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. டுவேன் அதைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிப்பார்.

பந்து எழும்பியது. சிகாகோவின் இடது களக்காரன் பின்னால் ஓடினான், ஓடினான், சுவரில் சாய்ந்து நின்று மேலே பார்த்தான். பந்து அவனைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. சுற்றிலும் கைகள் எழுந்தன, பீர் தெறித்தது. டுவேன் எழுந்தது அவருக்கே தெரியாது. இரண்டு உள்ளங்கையிலும் அறைந்த மாதிரி ஒரு வலி. குனிந்து பார்த்தால் கைக்குள் பந்து.

மகனின் முதல் ஹோம் ரன்.

பிறகு அது ஆரம்பித்தது.

"எறி! எறி! திருப்பி எறி!"

இடது பக்கம் முழுவதும் எழுந்து நின்றது. அவருக்கு எதிரே, களத்துக்கு மேலே இருந்த பெரிய திரையில் ஒரு சிவப்புச் சட்டைக் கிழவன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். அது தான்தான் என்று புரிய அவருக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் தொப்பியை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டார். வெஸ்லி இன்னும் ஓடி முடிக்கவில்லை. அவன் மட்டும் இப்போது நிமிர்ந்து பார்த்தால்!

எறிந்தால் அடுத்த கணமே திரை அவரை விட்டுவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் இது பன்னிரண்டு வருஷப் பஸ் பயணத்தின் பந்து. இதை இந்தக் கும்பல் சொல்கிறது என்று குப்பை மாதிரி வீசுவதா?

"எறி பெருசு" என்றான் மஸூர். இப்போது சிரிப்பு இல்லை. "சட்டம் சொன்னேன்ல?"

"மாட்டேன்."

மேல் வரிசையிலிருந்து பீர் வந்து முதுகில் விழுந்தது. ஒரு கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. இன்னொரு கை பந்தைப் பிடுங்கப் பார்த்தது. மஸூரின் முகம் அவர் முகத்துக்கு நேரே வந்தது. "யோவ், எறிஞ்சிட்டு உக்காருய்யா, உன்னப் பிச்சு எடுத்துடுவானுங்க!"

"இது என் பையன் அடிச்சது!"

மஸூர் அப்படியே நின்றான்.

"என்னது?"

"என் பையன். அவனோட முதல் ஹோம் ரன்."

மஸூரின் கண் களத்துக்குப் போயிற்று, திரும்பி டுவேனிடம் வந்தது. "அப்ப இவ்வளவு நேரமா நான்… உன் பக்கத்துலயே உக்காந்துகிட்டு… 'அப்பா எங்கே'ன்னு…"

"ஆமா."

"அட கடவுளே! வாயத் திறந்து சொல்றதுக்கென்னய்யா!"

"நான் வந்தது அவனுக்குத் தெரியக் கூடாது."

ஏன் என்று மஸூர் கேட்கவில்லை. அவனுக்கும் பிள்ளைகள் இருந்திருக்கும், யார் கண்டது. மணிக்கட்டைப் பிடித்திருந்த கையைத் தட்டிவிட்டுத் தன் உடம்பால் டுவேனை மறைத்தான். காற்சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய பந்தை எடுத்து அவர் கையில் திணித்தான்.

"இத எறி. அத உள்ள வை."

"உன் சட்டம்?"

"அது வெளியூர்க்காரனுக்குச் சொல்றதுய்யா! இங்க வழக்கமா வர்ற எவன்டா நிஜப் பந்த எறிவான்? எல்லார் பையிலயும் ஒரு பழசு இருக்கும். எறி, சீக்கிரம்!"

டுவேன் எறிந்தார். பந்து வளைந்து போய்க் களத்தின் நடுவே விழுந்தது. இடது பக்கம் முழுவதும் கூத்தாடியது. பீர் ஊற்றினவனே வந்து அவர் முதுகில் தட்டிக்கொடுத்தான். திரையில் வேறு யாரோ ஒரு குழந்தை ஐஸ்கிரீம் தின்ன ஆரம்பித்தது. டுவேன் உட்கார்ந்தார். சின்சினாட்டி நான்கு, சிகாகோ மூன்று. தப்பித்தோம் என்று நினைத்தார்.

அடுத்து வந்தவன் அவுட் ஆனதும் ஏழாவது இன்னிங்ஸின் நடு இடைவேளை. மைதானம் முழுக்க எழுந்து நின்று பாடுகிற நேரம். ஆட்டக்காரர்கள் தங்கள் இடத்துக்குப் போய்ச் சும்மா பந்து வீசிக் கையைச் சூடாக்கிக்கொள்வார்கள். வெஸ்லி ஓடி வந்தான். தன் இடத்தில் நிற்கவில்லை. புல்லைத் தாண்டினான், சுவரை ஒட்டிய மண் பாதைக்கு வந்தான், நேராக அவர்களுக்குக் கீழே வந்து நின்று முகத்தைத் தூக்கினான்.

டுவேனுக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. எங்கே ஓடுவது? சுற்றிலும் ஆட்கள் தோளோடு தோள் சேர்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

டுவேன் களத்துக்குள் எறிந்த பந்து வெஸ்லி கையில் இருந்தது, அதை உயர்த்திக் காட்டினான். "இது என் பந்து இல்ல!" என்று பாட்டுக்கு மேலே கத்தினான். "இதுல 'மஸூர் குழாய் ரிப்பேர்'னு ஃபோன் நம்பர் போட்டிருக்கு!"

மஸூர் தலையில் கை வைத்துக்கொண்டான். "விளம்பரத்துக்குன்னு எல்லாத்துலயும் அச்சடிச்சுத் தொலைச்சேன்" என்று முனகினான்.

"தொப்பிய எடுங்க" என்றான் வெஸ்லி.

டுவேன் எடுத்தார்.

"மூஞ்சிய மறைச்சீங்க. எறியற கைய மறைக்கலியே. முழங்கைய இடுப்புகிட்ட வச்சுக்கிட்டு, தவளை மாதிரி ஒரு குதி குதிச்சு எறியறவரு இந்த உலகத்துல வேற யாரு இருக்கா?"

அவன் குரலில் கோபமா வேறு ஏதாவதா என்று டுவேனுக்குப் பிடிபடவில்லை. பைக்குள் கை விட்டு நிஜப் பந்தை எடுத்து, சுவர் விளிம்பில் குனிந்து கீழே போட்டார். வெஸ்லி அதைப் பிடித்தான். அதைப் பார்க்கக்கூட இல்லை, அப்பாவையே பார்த்தான்.

"பதிலுக்கு என்ன வேணும்? முதல் பந்தக் கொடுக்கறவங்களுக்கு ஏதாவது கொடுக்கணும். வழக்கம்."

"ஒண்ணும் வேணாம்."

"மட்டை? கையெழுத்து?"

"ஒண்ணும் வேணாம், வெஸ். நீ போய் ஆடு. நான் போயிடறேன்."

அவன் நகரவில்லை. "ஒண்ணு கேக்கறேன். சொல்ல வேணாம்னது அம்மாவா?"

எத்தனையோ குளிர்காலங்கள் பனி வண்டியில் தனியாக உட்கார்ந்துகொண்டு டுவேன் பேசிப் பார்த்த வாக்கியம் அது. ஆமாம், அம்மாதான். இரண்டே வார்த்தை. சொன்னால் மகன் கிடைக்கலாம்.

"இல்ல" என்றார். "நான்தான்."

வெஸ்லி சுவரின் கொடியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். சிரிக்கிறானா என்றுகூடச் சந்தேகம் வந்தது. நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது.

"கேரல் சித்தி கிறிஸ்மஸுக்கே எல்லாத்தையும் சொல்லிட்டாங்கப்பா. அம்மா உங்ககிட்ட சத்தியம் வாங்கினது எல்லாம். அன்னியிலிருந்து, நீங்களா ஒரு தடவ கூப்பிடுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

"நீதானேடா வராதீங்கன்ன!"

"ஆட்டத்துக்குத்தானே வராதீங்கன்னேன்! ஃபோன் பண்ணாதீங்கன்னா சொன்னேன்?"

பிடிவாதத்தில் அப்பனும் பிள்ளையும் ஒரே அச்சு. பாட்டு கடைசி வரிகளுக்கு வந்துவிட்டது. தூரத்தில் நடுவர் வெஸ்லியைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"பாதி நான்தான், வெஸ். அவ சொன்னது நிஜம். ஆனா நீ மேல போகணும்னு எனக்கும் வெறி. அது எனக்கு வசதியாப் போச்சு."

"எனக்கும்தாம்ப்பா." அவன் சட்டென்று சொன்னான். ரொம்ப நாளாகத் தொண்டையில் அடைத்திருந்ததைத் துப்புகிற மாதிரி வந்தது அது. "ஃபோன்ல அம்மா குரல் மாறியிருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் நான் என்னன்னு கேக்கல. கேட்டா கிளம்பி வரணுமேன்னு கேக்கல. உங்கள மட்டும் பிடிச்சுத் திட்டினேன்."

நடுவர் கத்தினார். பாட்டு முடிந்து எல்லாரும் கை தட்டினார்கள். இன்னும் ஒரு வாக்கியத்துக்குத்தான் நேரம் இருந்தது. டுவேன் சுவருக்கு மேல் எவ்வளவு குனிய முடியுமோ அவ்வளவு குனிந்தார். மஸூர் பின்னாலிருந்து அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான்.

"உன்கிட்டப் பேசி வச்சதும் ஒவ்வொரு தடவையும் அவ சிரிப்பாடா! 'அவனுக்கு ஒண்ணும் தெரியல டுவேன், நல்லா ஏமாத்திட்டேன்'னு கட்டில்ல படுத்துக்கிட்டு அப்படிச் சிரிப்பா. உன்ன ஏமாத்திட்டோம்னு சந்தோஷமாத்தான் போனா!"

இது பொய் இல்லை. ரோனா அப்படித்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் அவர் கொல்லைப்புறம் போய் நின்ற நாட்கள் உண்டு.

வெஸ்லி தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டான். பந்தைப் பின்பையில் வைத்தான். திரும்பித் தன் இடத்துக்கு ஓடினான், முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றான். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. பெஞ்சுகளிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மஸூர் ஒவ்வொருவனையும் முறைத்துக்கொண்டு நின்றான்.

அந்த இன்னிங்ஸில் இடது பக்கம் ஒரு பந்துகூட வரவில்லை. நல்லவேளை. வந்திருந்தால் அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.